பிரான்ஸ் லிஸ்ட்டை மேடை வித்தகராக மட்டும் நினைவில் வைத்திருப்பது சரியா?

பதிவு 1 – வெள்ளைக்கட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பியானோ கலைஞரும் இசையமைப்பாளருமான பிரான்ஸ் லிஸ்ட் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி என்ற பியானோ படைப்பும், பூனை பியானோ வாசிக்க எலி உள்ளிருந்து குறும்பு செய்யும் அந்தப் பழைய கார்ட்டூனும்தான். சற்றுக் கூடுதலாகப் படித்தவர்கள், அவருடைய கச்சேரிகளில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனதையும், அந்த வெறிக்கு 1844இல் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனே ‘லிஸ்டோமேனியா’ என்று பெயர் சூட்டியதையும் சொல்வார்கள். ஆனால் அவர் காசுக்கு வாசித்த கடைசிக் கச்சேரி 1847 செப்டம்பரில், இன்றைய உக்ரைனில் உள்ள எலிசவெத்கிராத் நகரில் முடிந்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 35. அதன் பிறகு 1886 வரை ஏறத்தாழ 39 ஆண்டுகள் உயிரோடிருந்தார்; அந்தக் காலத்தில் தமக்கென்று பணம் வாங்கிக்கொண்டு ஒரு முறைகூட மேடையில் வாசிக்கவில்லை. வாழ்நாளில் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு, இளமைக்காலத்து எட்டு, பத்து ஆண்டுகளை மட்டும் வைத்து ஒருவரை எடைபோடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதிதாக வருபவர்களுக்காகச் சுருக்கமாகச் சில தகவல்கள். லிஸ்ட் 1811 அக்டோபர் 22 அன்று அப்போதைய ஹங்கேரிய அரசில் இருந்த ராய்டிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. தந்தை ஆதாம் லிஸ்ட், எஸ்தர்ஹாசி பிரபுவின் ஆட்டுப் பண்ணையைக் கவனித்துவந்த கணக்கு அலுவலர். அந்தப் பிரபுவின் இசைக்குழுவில் செல்லோ வாசித்தவர், இசையமைப்பாளர் ஹைடனை நேரில் அறிந்தவர். மகன் 1820இல் பிரெஸ்பர்க் நகரில் வாசித்ததைக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், அவன் படிப்புக்காக ஆறு ஆண்டுகளுக்கு உதவித்தொகை தர முன்வந்தார்கள். அதை நம்பி ஆதாம் லிஸ்ட் குடும்பத்தோடு வியன்னாவுக்குப் புறப்பட்டார். அங்கே பீத்தோவனின் மாணவரான கார்ல் செர்னி சிறுவனுக்குப் பியானோ கற்பித்தார். சாலியெரி இசை அமைக்கக் கற்பித்தார். 1823இன் இறுதியில் பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது, அந்நாட்டவர் அல்லர் என்ற காரணத்தைச் சொல்லி அங்குள்ள இசைக் கல்லூரியின் தலைவர் கெருபினி அனுமதி மறுத்துவிட்டார். 1827இல் தந்தை இறந்தபோது பையனுக்கு வயது 15. பாரிஸில் வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்துத் தாயைக் காப்பாற்றினான்.

மேடையை விட்டு இறங்கிய லிஸ்ட்தான் பெரிய லிஸ்ட் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

பதிவு 2 – மேசைவிளக்கு

நான் மறுக்கிறேன். மேடைக்காலத்தை வெறும் ஆரவாரம் என்று தள்ளிவிட்டால், இன்று உலகமெங்கும் நடக்கும் தனிப் பியானோ கச்சேரி என்ற வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. அவருக்கு முன்பு ஒரு பியானோ கலைஞரின் கச்சேரி என்றால், நடுவில் இரண்டு பாடகர்களும் ஒரு வயலின்காரரும் ஓர் இசைக்குழுவும் வந்து போவார்கள். ஒருவரே மாலை முழுவதையும் தாங்க முடியும் என்று 1839இல் ரோமில் செய்து காட்டினார் லிஸ்ட். 1840 ஜூன் 9 அன்று லண்டன் ஹானோவர் சதுக்க அரங்கில் நடந்த நிகழ்ச்சிக்கு ‘ரிசைட்டல்’ என்று விளம்பரம் கொடுத்தபோது, பியானோவில் பாடம் ஒப்பிப்பதா என்று அங்கிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அதே சொல்லைத்தான் இன்றும் எல்லோரும் புழங்குகிறோம்.

பியானோவைப் பக்கவாட்டில் திருப்பி, மூடியைத் திறந்து, ஒலி அவையை நோக்கி வரும்படி வைத்தது, நிகழ்ச்சி முழுவதையும் குறிப்பேடு இல்லாமல் நினைவிலிருந்தே வாசித்தது, பாஹ் தொடங்கித் தம் காலத்து ஷோபன் வரை ஒரே மாலையில் சேர்த்தது ஆகியவை நிலைபெற்ற வழக்கமானதும் அவரால்தான். 1841–42 குளிர்காலத்தில் பெர்லினில் பத்து வாரங்களில் 21 கச்சேரிகள் கொடுத்தார்; வாசித்த படைப்புகள் ஏறத்தாழ 80, அவற்றில் 50 மனப்பாடமாக. விரல் வேகம் மட்டும் இருந்தவரால் இது ஆகாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1838இல் டான்யூப் பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரம் மூழ்கியபோது வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு விரைந்து, வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தொடர்ந்து வாசித்தார். மறு ஆண்டு, பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை வைக்கப் பிரான்சில் திரட்டிய தொகை வெட்கப்படும்படி சொற்பமாக இருக்கவே, மிச்சத்தைத் தாமே தருவதாக எழுதி, 10,000 பிராங்குக்கும் மேல் கொடுத்தார். 1845இல் அந்தச் சிலை திறக்கப்பட்டது. இதெல்லாம் உங்கள் ‘சின்ன லிஸ்ட்’ செய்த காரியம்.

பதிவு 3 – கேள்விக்குறி

இருவருமே அவரைத் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். தராசின் மறுதட்டையும் யாராவது பிடித்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

அவர் எழுதியவற்றின் தரம் ஒரே சீராக இல்லை. ஒரு கதையையோ கவிதையையோ இசைக்குழுவின் ஒலியில் சொல்லும் இசைக்கவிதைகள் என்று ஜெர்மனியின் வைமர் நகரில் அவர் எழுதிய பன்னிரண்டில், இன்று இசைக்குழுக்கள் முறையாக வாசிப்பது எத்தனை? ‘லே பிரெல்யூட்’ ஒன்றுதான் பரவலாகக் கேட்கிறது. அதுவும் முதலில் வேறொரு பாட்டுத்தொகுப்புக்கு முன்னுரையாக எழுதப்பட்டு, பிறகு பிரெஞ்சுக் கவிஞர் லமார்டீனின் கவிதையோடு ஒட்டவைக்கப்பட்டது. அதன் முழக்கமான பகுதியை இரண்டாம் உலகப்போரில் ரஷ்யப் போர்முனைச் செய்திகளுக்கு முன்னால் நாஜி வானொலி ஊதிக்கொண்டிருந்தது. அது லிஸ்ட்டின் குற்றம் அன்று. ஆனாலும் அப்படிப் பயன்படுத்துவதற்கு வாகான வெற்று எக்காளம் அந்த இசையில் இருக்கத்தான் செய்கிறது. முதலாம் பியானோ கான்செர்ட்டோவில் (இசைக்குழுவோடு சேர்ந்து பியானோ வாசிக்கும் படைப்பு) முக்கோண மணியைக் கேட்டு விமர்சகர் ஹான்ஸ்லிக் அதை ‘முக்கோணக் கான்செர்ட்டோ’ என்று கிண்டல் செய்தது சற்று மிகைதான். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். கணவரையும் குடும்பத்தையும் விட்டு 1835இல் அவரோடு ஜெனீவாவுக்கு வந்த மாரி தகூ சீமாட்டி, அவருக்கு மூன்று குழந்தைகளைப் பெற்றார். பிளாந்தின், கோசிமா, தானியேல் ஆகிய அந்த மூவரும் பாட்டியிடமும் பிறகு தாதிமார்களிடமும் வளர்ந்தார்கள். 1853இல் பாரிஸில் தந்தையைச் சந்திக்கும்வரை பல ஆண்டுகள் அவர் முகத்தையே பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் வாரி வழங்கியவர் வீட்டில் இருந்த கதை இது.

பதிவு 4 – நான்காம்விரல்

பியானோ வாசிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். வரலாற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

1832 ஏப்ரலில், காலரா பரவியிருந்த பாரிஸில், நோயாளிகளுக்கு உதவுவதற்காகப் வயலின் மேதை பகனினி வாசித்ததை இருபது வயது லிஸ்ட் கேட்டார். வயலினில் அவர் செய்ததைப் பியானோவில் செய்தாக வேண்டும் என்ற வேகம் அன்று பிடித்துக்கொண்டது. அடுத்த மாதம் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மூன்றாம் இடைவெளிகள் (ஒரு ஸ்வரத்தையும் அதிலிருந்து மூன்றாவதையும் சேர்த்துத் தட்டுவது), ஆறாம் இடைவெளிகள், எட்டாம் ஸ்வரங்கள், ஒரே கட்டையை மீண்டும் மீண்டும் தட்டுவது என்று நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் சாதகம் செய்வதாகச் சொல்கிறார். அதே கடிதத்தில் ஹோமர், விவிலியம், பிளேட்டோ, பைரன், ஹியூகோ என்று படிக்கும் நூல்களின் பட்டியலும் வருகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எட்யூடுகள் எனப்படும் அவருடைய பயிற்சிப் படைப்புகளை வாசிக்க முடியாது.

‘மசெப்பா’ என்ற நான்காம் எட்யூடை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூல விதை 1826இல், பதின்ம வயதில், அவர் எழுதிய ஒரு பயிற்சி. அதில் மூன்றாம் இடைவெளிகள் கைமாறிக் கைமாறி ஓடுவது தவிர வேறொன்றும் இல்லை. செர்னியின் பயிற்சிப் புத்தகத்தில் இருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். 1837இல் அதன்மேல் கனத்த ஒரு மெட்டை ஏற்றினார். 1852இல் வெளிவந்த இறுதிப் பதிப்பு செர்னிக்கே காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. குதிரையில் கட்டி விரட்டப்பட்ட மனிதனைப் பற்றிய ஹியூகோவின் கவிதைதான் பொருள். இசைக்குறிப்பு மூன்று வரிசைகளில் எழுதப்பட்டிருக்கிறது: மேலும் கீழும் எட்டாம் ஸ்வரங்களில் மெட்டு, நடுவில் இரு கைகளும் பங்கிட்டுக்கொள்ளும் மூன்றாம் இடைவெளிகள். அந்த இடைவெளிகளுக்கு லிஸ்ட் கொடுத்திருக்கும் விரல்வரிசை எல்லாவற்றுக்கும் இரண்டாம் விரலும் நான்காம் விரலும்தான். வேறு விரல்களை மாற்றிப் போட்டால் கைக்கு எளிதாக இருக்கும். பல ஆசிரியர்களும் அப்படித்தான் திருத்திக் கொடுப்பார்கள். ஆனால் ஒரே இரு விரல்கள் திரும்பத் திரும்ப விழும்போது ஒவ்வொரு அடியிலும் கை துள்ளுகிறது, அந்தத் துள்ளலில் குளம்படி தானாக வந்துவிடுகிறது. இதமாக வாசித்தால் குதிரை நின்றுவிடும்.

1837 பதிப்பு 1852 பதிப்பைவிடக் கடினமானது என்பதையும் கவனிக்க வேண்டும். மேடையில் இருந்தபோது அடுக்கி வைத்த சிக்கல்களை, மேடையை விட்ட பிறகு அவரே வெட்டி எறிந்திருக்கிறார். வெள்ளைக்கட்டையின் வாதத்துக்கு இது ஓரளவு துணை நிற்கும்.

கருவியையும் மறக்கக்கூடாது. பாரிஸ் எரார் நிறுவனம் 1821இல் காப்புரிமை பெற்ற புதிய பொறியமைப்பில், கட்டை முழுதும் மேலே வராமலேயே மறுமுறை தட்ட முடிந்தது. ‘லா காம்பனெல்லா’ என்ற அவருடைய எட்யூடில் மணி ஒலிப்பதுபோல் ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து விழும் இடங்களைப் பழைய வியன்னாப் பியானோக்களில் நினைத்தே பார்க்க முடியாது.

பதிவு 5 – கேள்விக்குறி

நுட்பம் என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்யூட் எழுதியவர் என்பதற்காக மட்டும் ஒருவரை முதல் வரிசையில் உட்காரவைக்க முடியாது. கட்டுக்கோப்போடு, அரைமணி நேரம் இழுத்துப் பிடித்து நிற்கும் ஒரு படைப்பைக் காட்டுங்கள்.

பதிவு 6 – நான்காம்விரல்

தனிப் பியானோவுக்கான பி மைனர் சொனாட்டா. 1853 பிப்ரவரியில் முடித்து, 1854இல் வெளியிட்டு, இசையமைப்பாளர் ஷூமனுக்குக் காணிக்கையாக்கினார். அதற்கு முன்பே ஷூமன் தம் சி மேஜர் பேண்டசியை லிஸ்ட்டுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். சொனாட்டாவின் அச்சுப்படி வந்து சேர்ந்தபோது ஷூமன் மனநல விடுதியில் இருந்தார். அவருடைய மனைவி கிளாராவுக்கு அது வெறும் இரைச்சலாகப் பட்டது.

760 சுழற்சிகள் (இசைக்குறிப்பில் கோடு போட்டுப் பிரிக்கும் தாள அளவுகள்), இடையில் நிறுத்தமே இல்லை. தனித்தனி இயக்கங்களாக வர வேண்டிய முதல் பகுதி, மெதுவான பகுதி, ஒரே மெட்டைக் குரல்கள் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளும் பியூக் பாணியிலான துள்ளல் பகுதி, முடிவு ஆகிய நான்கும் ஒரே உடலுக்குள் அடங்கியிருக்கின்றன. தொடக்கத்தில், இடது கையின் கீழ்ப்பகுதியில், சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப விழும் ஒரு சிறு துணுக்கு வரும்; கேட்டால் அச்சம்தான் தோன்றும். 153ஆம் சுழற்சியில் அதே துணுக்கு, அதே ஸ்வர வரிசையோடு, நீட்டி மெதுவாக்கப்பட்டு வலது கையில் காதல் பாட்டாக வருகிறது. சொல்லாமல் விட்டால் இரண்டும் ஒன்று என்று பலருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ பழகிய குரல் என்று செவி உணர்ந்துகொள்ளும். இப்படி நான்கைந்து துணுக்குகளை உருமாற்றி உருமாற்றியே முழுக் கட்டடத்தையும் எழுப்பியிருக்கிறார்.

முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் பிரதியில், முழங்கி முடியும் ஒரு முடிவை முதலில் எழுதி, அதை அடித்துவிட்டு, இப்போதுள்ள அமைதியான முடிவை எழுதியிருக்கிறார். கைதட்டலை எதிர்பார்க்கும் கலைஞர் தூக்கி எறியக்கூடியது அன்று அந்த முதல் முடிவு.

பதிவு 7 – தம்பூரா

எனக்கு மேற்கத்திய இசை அரைகுறைப் பழக்கம்தான். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவன். அந்தச் சொனாட்டாவின் முதல் சில நொடிகளில், இறங்கி வரும் ஸ்வர வரிசை இரண்டு முறை வருகிறது. முதல் முறை வரும் ஸ்வரங்கள் தோடியின் ஸ்வரங்கள், இரண்டாம் முறை வருபவை சிம்மேந்திரமத்திமத்தின் ஸ்வரங்கள் என்று என் செவிக்குப் படுகிறது. சரியா?

பதிவு 8 – நான்காம்விரல்

ஸ்வரங்களை எண்ணிப் பார்த்தால் மிகச் சரி. ஜி ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் நீங்கள் சொன்ன இரண்டும்தான் வருகின்றன. இரண்டாவதை ஐரோப்பியர்கள் ஹங்கேரிய நாடோடிகளின் ஸ்வர வரிசை என்று அழைக்கிறார்கள். ஆனால் கமகம் கிடையாது, ராகத்தின் நடை கிடையாது. ஆகவே ஸ்வர ஒற்றுமையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பதிவு 9 – டான்யூப்கரை

ஹங்கேரிய நாடோடிகள் என்ற பேச்சு வந்துவிட்டதால், லிஸ்ட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய வழக்கை எடுக்கிறேன்.

அவருடைய தாய்மொழி ஜெர்மன். இளமையிலிருந்தே எழுதியதும் பேசியதும் பெரும்பாலும் பிரெஞ்சு. ஹங்கேரிய மொழி அவருக்கு வரவே இல்லை. 1840 ஜனவரி 4 அன்று பெஸ்ட் நகரத்து நாடக அரங்கில் பிரபுக்கள் அவர் இடுப்பில் வீரவாள் ஒன்றைக் கட்டி மரியாதை செய்தபோது, நன்றியுரையைப் பிரெஞ்சில்தான் சொன்னார். ஐரோப்பியப் பத்திரிகைகள் இதைக் கேலிச்சித்திரங்களாகப் போட்டுத் தள்ளின. ஆயினும் தாம் ஹங்கேரியர் என்பதில் அவர் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. மொழி தெரியாத குறை தமக்கு உண்டு என்றாலும் பிறப்பிலிருந்து கல்லறைவரை தாம் மாஜியாரே (ஹங்கேரியரே) என்று 1873இல் நண்பர் அவுகுஸ் பிரபுவுக்கு எழுதினார்.

ராப்சடிகள் மொத்தம் 19. முதல் பதினைந்தும் 1853க்குள் வெளிவந்துவிட்டன. எஞ்சிய நான்கும் முதுமையில் எழுதியவை. மெதுவான ‘லஷ்ஷான்’ பகுதியில் தொடங்கி, வேகம் கூடும் ‘ஃபிரிஷ்கா’ பகுதியில் முடியும் அமைப்பும், தந்திகளைச் சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் சிம்பலோம் கருவியின் சலசலப்பைப் பியானோவில் கொண்டுவந்ததும் ரோமா எனப்படும் அந்த நாடோடி மக்களின் இசைக்குழுக்களைக் கேட்டுப் பிடித்தவை. அவர் அதோடு நிற்காமல், 1859இல் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் எழுதி, ஹங்கேரிய இசை எனப்படுவது ரோமா மக்களின் படைப்பே என்று நிறுவப் பார்த்தார். ஹங்கேரியில் எதிர்ப்பு கிளம்பியது. 1848–49 விடுதலைப் போரில் தோற்று, அரசியலில் எல்லாவற்றையும் இழந்து, இசையொன்றே மிச்சம் என்றிருந்த மக்களிடம், அதுவும் உங்களுடையது அல்ல என்று அவர்களுடைய மிகப் பெரிய கலைஞரே சொன்னால் எப்படி இருக்கும்?

கருத்தும் தவறானதுதான். ரோமா கலைஞர்கள் நகரங்களில் வாசித்தவை, பெரும்பாலும் படித்த ஹங்கேரியர்கள் எழுதிய பாட்டுகளும் ‘வெர்புங்கோஷ்’ எனப்படும் படைக்கு ஆள்சேர்க்கும் ஆட்டத்தின் இசையுமே. 1905 முதல் ஹங்கேரிய இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோடாயும் ஊர் ஊராகப் போய், மெழுகு உருளைகளில் குடியானவர்களின் பாடல்களைப் பதிவுசெய்த பிறகுதான், அவற்றுக்கு அடியில் முற்றிலும் வேறான ஒரு பழைய இசை இருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் இதே பார்டோக் 1936இல் ஹங்கேரிய அறிவியல் கழகத்தில் பேசியபோது லிஸ்ட்டைப் பொருளாக எடுத்துக்கொண்டார். புத்தகத்தின் பிழைகளைக் காட்டிவிட்டு, இசையில் லிஸ்ட் திறந்துவிட்ட வழிகளை மிக உயர்வாக மதிப்பிட்டார். ராப்சடிகளைவிட மற்றவையே அவருக்கு முக்கியமாகப் பட்டன.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். புடாபெஸ்ட் இசைக் கல்லூரி 1875இல் தொடங்கியபோது லிஸ்ட் அதன் தலைவரானார். கட்டடத்திலேயே தங்கிப் பாடம் நடத்தினார். அவருடைய மாணவர் இஷ்ட்வான் தோமானிடம் படித்தவர்கள்தான் பார்டோக்கும் தொனானியும். அவர் ஹங்கேரியருக்குக் கொடுத்தது ராப்சடிகள் அல்ல, அந்தக் கல்லூரி.

பதிவு 10 – கேள்விக்குறி

அந்தப் புத்தகத்தை இவ்வளவு மென்மையாக விட்டுவிடக் கூடாது. 1881இல் வந்த திருத்திய பதிப்பில் யூதர்களைப் பற்றி மிகக் கொடிய பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதிச் சேர்த்தவர் அவருடைய வாழ்க்கைத் துணையாக இருந்த கரோலின் சைன்-விட்கென்ஸ்டைன் இளவரசியே என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அட்டையில் இருப்பது லிஸ்ட்டின் பெயர். அவர் அதை வெளிப்படையாக மறுக்கவும் இல்லை.

பதிவு 11 – வெள்ளைக்கட்டை

கேள்விக்குறி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பழியைக் கரோலின்மேல் மட்டும் போட்டுவிட்டு லிஸ்ட்டைக் காப்பாற்றுவது எளிதான வழி, சரியான வழி அன்று.

அவர் மேடையை ஏன் விட்டார் என்பதற்கு வருகிறேன். 1847 பிப்ரவரியில் கீவ் நகரில் கரோலினைச் சந்தித்தார். இசை எழுதுவதே உங்கள் வேலை என்று அவர் வற்புறுத்தினார் என்பது உண்மைதான். ஆனால் வைமர் அரசவையில் பதவி 1842லேயே கிடைத்திருந்தது. 1848இல் அங்கே குடியேறிய பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். டிரெஸ்டன் கலகத்தில் ஈடுபட்டுத் தேடப்பட்டுவந்த வாக்னருக்கு 1849இல் அடைக்கலம் கொடுத்து, சுவிட்சர்லாந்துக்குத் தப்ப உதவினார். மறு ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, வைமரின் சிறிய இசைக்குழுவைக்கொண்டு, வாக்னரின் ‘லோஹென்கிரின்’ இசைநாடகத்தை முதன்முதலாக மேடையேற்றினார். நாடுகடந்து வாழ்ந்த வாக்னர் தம் படைப்பை முழுதாகக் கேட்டது 1861இல்தான். 1852இல் பெர்லியோசின் ‘பென்வெனூத்தோ செல்லினி’. 1854இல், ஷூபர்ட் இறந்து 26 ஆண்டுகள் கழித்து, அவருடைய ‘அல்போன்சோவும் எஸ்திரெல்லாவும்’. 1858இல் பீட்டர் கொர்னேலியஸின் நகைச்சுவை நாடகத்துக்கு அரங்கில் திட்டமிட்டு ஆட்கள் கூச்சல் போடவே, லிஸ்ட் பதவி விலகினார். மற்றவர்களுடைய இசைக்காகத் தம் பெயரைப் பணயம் வைத்த இசையமைப்பாளர்கள் அந்த நூற்றாண்டில் வேறு எத்தனை பேர்?

பிறகு அடிமேல் அடி. மகன் தானியேல் 1859இல் இருபது வயதில் இறந்தான். மகள் பிளாந்தின் 1862இல் 26 வயதில். நடுவில் 1861 அக்டோபரில், ஐம்பதாம் பிறந்தநாளன்று ரோமில் கரோலினைத் திருமணம் செய்ய எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. முதல் நாள் இரவு தடை உத்தரவு வந்தது. 1865இல் கத்தோலிக்கத் திருச்சபையில் கீழ்நிலைக் குருப்பட்டங்களை ஏற்று, அங்கியணிந்த ‘அபே லிஸ்ட்’ ஆனார். இதை நாடகம் என்று அன்றே சிரித்தவர்கள் உண்டு. சிறுவயதிலேயே குருமடத்தில் சேர விரும்பித் தந்தையால் தடுக்கப்பட்டவர் அவர் என்பதை நினைத்தால், நான் சிரிக்க மாட்டேன்.

கடைசிக்கால இசைக்கு வாருங்கள். 1881இல் எழுதிய ‘நுவாஜ் கிரீ’, அதாவது சாம்பல்நிற மேகங்கள், மொத்தமே 48 சுழற்சிகள். பியானோ கற்கத் தொடங்கி மூன்றாண்டு ஆன மாணவர் வாசித்துவிடலாம். ஓட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. கடைசியில் வரும் ஸ்வரக்கூட்டு இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமலேயே நின்றுவிடுகிறது. 1885இல் ஒரு சிறு துண்டுக்குச் சுருதியில்லாத பாகடெல் என்றே பெயர் வைத்தார்; பின்னாளில் இத்தகைய சுருதியில்லா இசைக்குப் பெயர்பெற்ற ஷோன்பெர்க் அப்போது பள்ளிச் சிறுவன். அது அச்சேறியது 1956இல். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளுக்கு அவர் எழுதிய ‘வியா குரூசிஸ்’ஸைப் பதிப்பாளர் திருப்பி அனுப்பிவிட்டார், அதை முதன்முதலாகப் பொதுமேடையில் கேட்டவர்கள் 1929இல் புடாபெஸ்ட்டில் இருந்தவர்கள். மகள் கோசிமாவின் கணவரான வாக்னரே இந்தக் கடைசிப் படைப்புகளைப் பைத்தியத்தின் முளை என்ற பொருள்பட வீட்டில் பேசியதைக் கோசிமா தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவையைக் கிறங்கடிக்க எல்லா வித்தையும் அறிந்திருந்தவர், கேட்க ஆளில்லை என்று தெரிந்தே இவற்றை எழுதிக்கொண்டிருந்தார். என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் நிற்கிறது.

பதிவு 12 – மேசைவிளக்கு

கடைசிப் படைப்புகளின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய மேடைக்காலத்தை விட்டு அவை தனியே முளைத்தவை அல்ல. பெர்லியோசின் ‘சிம்பொனி ஃபன்டாஸ்டிக்’கை 1833லேயே பியானோவுக்கு மாற்றி எழுதி, தம் கைக்காசில் அச்சிட்டார், 1835இல் ஷூமன் அந்தச் சிம்பொனியைப் பற்றி எழுதிய நீண்ட மதிப்புரை இந்தப் பியானோ வடிவத்தை மட்டும் பார்த்து எழுதியது. இசைக்குழுவுக்கான மூலம் 1845இல்தான் அச்சானது. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகள், ஷூபர்ட்டின் ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகள் எல்லாம் இப்படி வந்தவை. ஒலிப்பதிவு என்ற ஒன்றே இல்லாத காலத்தில், இசைக்குழு இல்லாத ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர். வைமரில் பிறருக்காகச் செய்ததைத்தான் மேடையிலும் செய்தார்.

பதிவு 13 – பழையஇசைத்தட்டு

இருவரும் ஆசிரியர் லிஸ்ட்டை மறந்துவிட்டீர்கள். 1869 முதல் ஆண்டை மூன்றாகப் பிரித்து வைமர், ரோம், புடாபெஸ்ட் என்று சுற்றிக்கொண்டிருந்தார். வைமரில் தோட்டக்காரர் இல்லம் என்று பெயர்பெற்ற வீட்டில், வாரத்தில் மூன்று பிற்பகல்களில் வகுப்பு. மாணவர்கள் தாங்கள் வாசிக்க விரும்பும் இசையேடுகளைப் பியானோவின்மேல் அடுக்கி வைப்பார்கள். லிஸ்ட் வந்து ஒன்றை உருவி, யாருடையது என்று கேட்பார். அவர் முன்னால் எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். கட்டணம் ஒரு காசும் கிடையாது. விரல் பயிற்சியை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். இங்கே பேச்சு இசையைப் பற்றி மட்டும்தான். இன்று ‘மாஸ்டர் கிளாஸ்’ என்று உலகெங்கும் நடப்பது இதன் வழிவந்ததே.

லிஸ்ட் வாசித்த ஒலிப்பதிவு எதுவும் நமக்குக் கிடையாது. ஆனால் மாணவர்களுடையவை இருக்கின்றன. எமில் ஃபான் சாவர் இரண்டு கான்செர்ட்டோக்களையும் முதுமையில் பதிவுசெய்தார். இசைக்குழுவை நடத்திய வைன்கார்ட்னரும் வைமரில் லிஸ்ட்டிடம் பழகியவர். கேள்விக்குறி அவசியம் கேட்க வேண்டும். முதலாம் கான்செர்ட்டோவை இன்றைய பலரைவிட நிதானமாக, சொல் சொல்லாகப் பிரித்து வாசிக்கிறார் சாவர். அந்த முக்கோண மணியும் அங்கே விளையாட்டாகத்தான் கேட்கிறது, எக்காளமாக இல்லை. பிரெடெரிக் லாமண்ட், டால்பெர்ட் ஆகியோரின் தட்டுகளும் கிடைக்கின்றன. முழுத்தொகுப்பே வேண்டும் என்பவர்களுக்கு லெஸ்லி ஹோவர்ட் வாசித்த 99 குறுந்தகடுகள் இருக்கின்றன; அதைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கேட்க முயல வேண்டாம் என்பது என் அன்பான வேண்டுகோள்.

பதிவு 14 – கேள்விக்குறி

சாவர் வாசிப்பைக் கேட்டேன். முக்கோணத்தைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘லே பிரெல்யூட்’டைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும். ஒரு கேள்வி: புடாபெஸ்ட் விமான நிலையத்துக்கே 2011இல் அவர் பெயரை வைத்த ஹங்கேரி, அவர் உடலை ஏன் கொண்டுவரவில்லை?

பதிவு 15 – டான்யூப்கரை

கேட்டார்கள், கிடைக்கவில்லை. 1886 ஜூலையில், மகள் கோசிமா நடத்திய பைராய்ட் வாக்னர் விழாவுக்குக் காய்ச்சலோடு போனார். நிமோனியா முற்றி ஜூலை 31 அன்று, 74 வயதில், அங்கேயே இறந்தார். விழா ஒரு நாளும் நிற்கவில்லை. இரங்கல் திருப்பலியில் ஆர்கன் வாசித்த இசையமைப்பாளர் புரூக்னர், வாக்னரின் ‘பார்சிஃபால்’ மெட்டுகளை விரித்து வாசித்தாரே தவிர, லிஸ்ட்டின் இசையை எடுக்கவில்லை. வைமரும் உடலைக் கேட்டது, ஹங்கேரியரும் கேட்டார்கள். ஆனால் ஹங்கேரிய நாடாளுமன்றத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது பிரதமர் கால்மான் திசாவே எதிர்த்தார். நாம் மேலே விவாதித்த 1859ஆம் ஆண்டுப் புத்தகத்தையே அவர் காரணமாகக் காட்டினார். அதனால் இன்றும் பைராய்ட் நகரக் கல்லறையில்தான் இருக்கிறார். புடாபெஸ்ட்டுக்குப் போகிறவர்கள் வொரொஷ்மார்தி தெருவில் பழைய இசைக் கல்லூரிக் கட்டடத்தில் உள்ள அவருடைய குடியிருப்பைப் பார்க்கலாம். 1986 முதல் அது அருங்காட்சியகமாக இருக்கிறது.